கிம்ச்சிக்கும் காசா?

கொரியன் ரெஸ்டோரண்டுக்குப் போய்ச் சாப்பிடுவதைப் பற்றி எங்கட வயதுக்காரர் மத்தியில் இரண்டு கதைதான் நடக்குது. ஒன்று, "ஐயோ, ட்ராமாவில பாத்த மாதிரியே இருக்கு" என்கிற கதை. கறுப்புச் சட்டியில் கொதித்துக்கொண்டு வருகிற குழம்பு, ஸ்டீல் சொப்ஸ்டிக், சுவரில் பாட்டுக்காரரின் படங்கள், ஃபோனில் இருபது ஃபோட்டோ. மற்றது, "உதெல்லாம் ரெண்டு நாள் விசர். அந்தக் காசுக்கு நாலு பேர் வடிவா புரியாணி சாப்பிடலாம்" என்கிற கதை. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெடியள். கேட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் ட்ராமா பார்க்கிற பெண் பிள்ளைகள்.

இந்த இரண்டு கட்சியும் சண்டை பிடித்தாலும், ஒரு விசயத்தில் இரண்டுக்கும் ஒரே எண்ணம்தான். கொரியச் சாப்பாடு என்பது ஒரு ஆடம்பரக் காட்சி. ஒருத்தருக்கு அது பிடிக்கும், மற்றவருக்குப் பிடிக்காது. நாங்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் எங்கட மேசைக்கு வருகிற கொரியச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் இல்லாமையில் பிறந்த சாப்பாடு. அதை அங்கே போய் வருசக்கணக்காக தினமும் சாப்பிட்டவர்கள் எங்கட ஊர்களிலேயே இருக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் இந்தக் கடைகளை எடை போட வேண்டும் என்பது எங்கட வாதம்.

கொரியா எங்கட நாட்டுக்கு வந்த வழியைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு வழி எல்லாருக்கும் தெரியும். கொரியாவில் 2003இல் வெளிவந்த 'தே ஜங் கும்' தொடரை ரூபவாஹினி 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் போட்டது. அரண்மனைச் சமையலறையில் வேலை பழகி, பிறகு அரச வைத்தியராகிற ஒரு பெண்ணின் கதை அது. சிங்களம் அரைகுறையாக விளங்கின வீடுகளிலும் அதைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டின் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் தந்தது. அதற்குப் பிறகு பி.டி.எஸ், நெட்ஃபிளிக்ஸ், டிக்டொக் என்று ஃபோனுக்குள்ளேயே கொரியா வந்துவிட்டது. ரெஸ்டோரண்ட் சுவரில் ஒட்டியிருப்பது இந்தக் கொரியாதான்.

மற்ற வழியைப் பற்றி அந்தச் சுவரில் ஒன்றும் இருக்காது. 2004இல் தென்கொரியா வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க ஈ.பி.எஸ் என்கிற முறையைத் தொடங்கியபோது, முதல் ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போகிற மற்ற வெளிநாட்டு வேலைகள் மாதிரி இல்லை இது. அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஊடாக நடக்கிறது. கொரிய மொழிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். போனால் ஒரு தவணையில் நாலு வருசமும் பத்து மாதமும் வரை நிற்கலாம். வேலை தொழிற்சாலையில், மீன்பிடியில், பண்ணையில், கட்டடத்தில். டவுனில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மதிலில் ஒட்டியிருக்கிற 'கொரிய மொழி வகுப்பு' நோட்டீஸ் எல்லாம் இந்தச் சோதனைக்காகத்தான். போனவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். ஆனால் தமிழ், முஸ்லிம் ஊர்களில் இருந்தும் போனவர்கள் இருக்கிறார்கள்.

கொரியத் தொடர்களில் இந்த ஆக்களைக் காண்பது அரிது. 2021இல் வந்த 'ஸ்குவிட் கேம்' தொடரில் அலி என்கிற பாகிஸ்தான் தொழிலாளி வருவான்; முதலாளி மாதக்கணக்காகச் சம்பளம் கொடுக்காமல் வைத்திருப்பான். எங்களில் கனபேருக்கு அந்தத் தொடரில் மனதில் நின்ற முகம் அவனுடையதுதான்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். கிம்ச்சி என்பது குளிர்காலத்துக்கு முன்னம் கோவாவையும் முள்ளங்கியையும் உப்பிலும் மிளகாய்த்தூளிலும் ஊறப்போட்டு, மரக்கறி கிடைக்காத மாதங்களைத் தாண்டுவதற்குச் செய்த வேலை. அயலட்டம் எல்லாம் கூடி ஒன்றாகப் போடுவார்கள். அந்தக் கூட்டு வேலைக்குக் கிம்ஜங் என்று பெயர். யுனெஸ்கோ பட்டியலில் 2013இல் தென்கொரியாவின் பெயரிலும், 2015இல் வடகொரியாவின் பெயரிலும் அது சேர்ந்தது. நாடு இரண்டாகப் பிரிந்தாலும் கோவா ஊறப்போடுகிற வேலை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மெனுவில் 'ஆர்மி ஸ்டியூ' என்று விலை கூடப் போட்டு ஒன்று இருக்கும். கொரிய மொழியில் புதே ஜிகே. 1950 தொடக்கம் 1953 வரை நடந்த யுத்தத்துக்குப் பிறகு, அமெரிக்க முகாம்களில் இருந்து வெளியே வந்த ஸ்பாம் டின்னையும் சொசேஜையும் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்க வைத்த குழம்பு அது. யுத்தம் முடிந்த ஊரில், இறைச்சி வாங்க வழியில்லாத சனம் சமைத்தது. நிவாரணத்தில் வந்த டின் மீனையும் பருப்பையும் வைத்து விதவிதமாகக் கறி வைத்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டொக்பொக்கி, கிம்பப், ரம்யொன் நூடில்ஸ் இதெல்லாம் அங்கே புன்சிக் கடைச் சாப்பாடு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் நின்றபடி சாப்பிட்டுப் போகிற சின்னக் கடைகள். புன்சிக் என்றால் மாச் சாப்பாடு என்று அர்த்தம். 1960களில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது கொரிய அரசாங்கம் கோதுமை மாவைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. கிழமையில் சில நாட்கள் கடைகளில் சோறு விற்கவும் தடை இருந்தது. 1963இல் அங்கே முதல் இன்ஸ்டன்ட் ரம்யொன் வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஸ்ரீமாவோ காலத்துப் பாண் கியூவையும் மரவள்ளிக்கிழங்கையும் பற்றி அம்மம்மாக்கள் சொல்கிற கதையும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே கதைதான். அந்த உறைப்புக்கூட இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் இருந்து வந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். கடந்த ஐந்நூறு வருசத்துக்குள்தான் அவர்களுக்கும் எங்களுக்கும் கிடைத்தது.

இப்ப அந்த ரெஸ்டோரண்ட் பில்லைப் பார்ப்போம். போன மாதம் நாங்கள் ஐந்து பேர், எங்களில் ஒருத்தியின்ட அண்ணா ஆறாவது ஆள், கொழும்பில் ஒரு இடத்துக்குப் போனோம். அண்ணா ஈ.பி.எஸ்ஸில் போய் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் முழுத் தவணையும் வேலை செய்து வந்தவர். அவர் மெனுவைக் கையில் எடுத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "கிம்ச்சிக்கும் காசா?"

ஓம், காசுதான். சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி கிம்ச்சி, 650 ரூபாய். அண்ணா சொன்னதன்படி, அவருடைய தொழிற்சாலைக் கன்டீனில் அறை அறையாகப் பிரித்த ஸ்டீல் தட்டில் சோறு, சூப், இரண்டு மூன்று கறி, கிம்ச்சி; கிம்ச்சியை எத்தனை தரமும் போய் எடுக்கலாம். கன்டீனில் மட்டும் இல்லை, கொரியாவில் சாதாரணக் கடைகளிலும் அப்படித்தான். பன்ச்சன் என்கிற சின்னச் சின்னப் பக்கக் கறிகள் சாப்பாட்டோடு சும்மா வரும், முடிந்தால் திரும்ப வரும். எங்கட சைவக் கடையில் தோசைக்குச் சாம்பாரும் சட்னியும் ஊற்றுகிற மாதிரி. ரெண்டாம் தரம் சாம்பார் கேட்டதுக்கு பில்லில் 650 ரூபாய் போட்டால் நாங்கள் எழும்பி நிற்க மாட்டோமா?

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் ஐந்து பேரும் சோற்றைச் சொப்ஸ்டிக்கால் கிள்ளிக்கொண்டு கஷ்டப்பட, அண்ணா நீட்டுக் கரண்டியை எடுத்துச் சோறு சாப்பிடத் தொடங்கினார். கொரியாவில் சோறும் சூப்பும் கரண்டியால்தானாம். சொப்ஸ்டிக் கறி எடுக்க. "தங்கச்சி, பசிக்கு நல்லாச் சாப்பிடுங்கோ, ஒருத்தரும் மார்க்ஸ் போடேல்ல" என்றார். மேசையில் வயதுக்கு மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடங்குவார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அதுவரை அந்தக் கடையில் ஒருத்தரும் எங்களுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. அவர்களுக்கு வேலை சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பதும், ஃபோட்டோ எடுக்க லைட்டைப் போட்டு விடுவதும்.

கிம்பப், டொக்பொக்கி, பிபிம்பப், கிம்ச்சிக் குழம்பு, பொரித்த கோழி. எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பங்கிட்டோம். பத்து வீதம் சேர்விஸ் சார்ஜ், அதுக்கு மேல் 18 வீத வற் வரி. கடைசியில் ஆறு பேருக்கும் 17,500 ரூபாய்க்கு மேல் வந்தது. ஆளுக்கு ஏறக்குறைய 2,900. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயில் இருந்து 7,500 ரூபாயாகக் கூடியது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு மாதக் காசில் ஐந்தில் இரண்டு பங்கு கிட்டப் போகுது. எங்கட கன்டீனில் ஒரு கிழமைக்கு மேலான மத்தியானச் சாப்பாடு. கொரியாவில் பள்ளிக்கூடப் பிள்ளை கைக்காசில் வாங்கித் தின்கிற டொக்பொக்கியை இங்கே ஒரு கம்பஸ் பிள்ளை பிறந்தநாளுக்கு மட்டும்தான் சாப்பிடலாம்.

கடைக்காரரின் நியாயமும் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. கடற்பாசித் தாள், கொச்சுஜங் விழுது, கொரிய மிளகாய்த்தூள், டொக்பொக்கிக்கான அரிசிக் கட்டி எல்லாம் கப்பலில் வர வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் போனபோது இறக்குமதிப் பொருளை நம்பின கடைகள் எவ்வளவு அடிபட்டன என்று எல்லாருக்கும் தெரியும். கொழும்பில் வாடகையும் லேசுப்பட்டதில்லை. அதனால் பொரித்த கோழிக்கோ மாட்டிறைச்சிக்கோ போட்ட விலையைப் பற்றி நாங்கள் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் கிம்ச்சிக்கு அந்தக் காரணம் பெரிதாகப் பொருந்தாது. கோவா, முள்ளங்கி, கரட், லீக்ஸ் எல்லாம் நுவரெலியாப் பக்கம் விளைகிறது. அதில் வேலை செய்கிற கைகளில் மலையகத்துச் சனத்தின் கைகளும் இருக்கு. இஞ்சி, உள்ளி, உப்பு எந்தக் கடையிலும் வாங்கலாம். தனியாக இறக்குமதி செய்ய வேண்டியது முக்கியமாக மிளகாய்த்தூள்தான். ஒரு பெரிய வாளியில் போட்டு வைத்தால் நாள் போகப் போக ருசி கூடுமே தவிரச் சீக்கிரம் பழுதாகாது. கூடப் புளித்தால் அதைத்தான் குழம்புக்குப் போடுவார்கள். ஒரு கடை நினைத்தால் மேசைக்கு ஒரு கிண்ணம் கிம்ச்சி சும்மா வைக்கலாம். வைக்காமல் இருப்பதற்குக் காரணம், நாங்கள் அதை அபூர்வப் பொருளாக நினைத்துக்கொண்டு கேட்காமல் கட்டிவிட்டு வருவதுதான்.

விலையை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கு. எங்கட ஐந்து பேரில் ஒருத்தி முஸ்லிம். ஒருத்தர் வெள்ளிக்கிழமை சைவம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. "இதில போர்க் இருக்கா?" என்று கேட்டால் வெயிட்டர் தம்பி உள்ளே போய்க் கேட்டு வந்து "இல்லை" என்றார். அதே எண்ணெயில்தான் போர்க்கும் பொரிக்கிறதா என்று கேட்டால் திரும்ப உள்ளே போனார். மரக்கறிக் கிம்பப்போடு கிம்ச்சி சாப்பிடலாமா என்று மற்றவர் கேட்க, "ஓம், அது கோவாதானே" என்றார் அந்தத் தம்பி.

கோவாதான், ஆனால் வழமையான கிம்ச்சியில் மீன் சோஸோ ஊறவைத்த இறாலோ சேர்ப்பார்கள். எங்கட சம்பலுக்குள் மாசி போடுகிற மாதிரித்தான். சம்பலைக் கண்டவுடன் "மாசி போட்டதா?" என்று கேட்கிற நாட்டில், கிம்ச்சிக்கு அந்தக் கேள்வி வராமல் போனது விசித்திரம். கொச்சுஜங்கிலும் சோயா சோஸிலும் சில வகைகளில் அல்கஹோல் சேர்த்திருக்கும். இறைச்சி ஊறப்போட அரிசி வைன் பாவிப்பதும் உண்டு. இதெல்லாம் போத்தலின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிற விசயம். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கக் காரணமே இல்லை. எழுதி ஒட்டுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இதைச் சொல்லும்போது "அப்ப அவங்கட சாப்பாட்டை எங்களுக்காக மாத்தச் சொல்றீங்களா, அது ஒறிஜினலா இருக்காதே" என்று ஒருத்தர் எங்களிடம் கேட்டார். போர்க்கை எடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எதில் என்ன இருக்கு என்று சொல்லச் சொல்லித்தான் கேட்கிறோம். அதோடு, ஒறிஜினல் என்று ஒரே ஒரு கொரியச் சாப்பாடு இல்லை. கொரியப் பௌத்த விகாரைகளில் மீனும் இல்லாமல் உள்ளி வெங்காயமும் இல்லாமல் கிம்ச்சி போடுகிறார்கள். ஜொங் குவான் என்கிற பிக்குணியின் சமையலை நெட்ஃபிளிக்ஸில் 'செஃப்ஸ் டேபிள்' தொடரில் 2017இல் காட்டினார்கள். மீன் இல்லாத கிம்ச்சி கொரியாவிலேயே இருக்கும்போது, பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் இருக்கிற கொழும்பில் அது ஒரு கிண்ணம் கிடைக்காதது வெட்கம்.

இதே இடத்தில் எங்கட பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஹொஸ்டலில் வீட்டில் இருந்து கருவாட்டுப் பொரியல் கொண்டுவந்து திறந்தால், மணக்குது என்று ஜன்னலைத் திறக்கிற ஆக்கள் இருக்கினம். ஜாடி என்றால் முகத்தைச் சுளிப்பினம். பழஞ்சோறு சாப்பிட்டதை வெளியில் சொல்ல மாட்டினம். அதே ஆக்கள் புளித்த கோவாவின் மணத்துக்கு 650 ரூபாய் கட்டி "ஃபெர்மென்டட், வயித்துக்கு நல்லது" என்று ஸ்டோரி போடுவினம். கிம்ச்சியை வெறுக்கச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை, எங்களுக்கே அது நல்லாப் பிடிக்கும். மணக்கிற சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு ஊரின் பசியும் கெட்டித்தனமும் இருக்கு என்று கிம்ச்சியில் விளங்கினால், பக்கத்துக் கட்டில்காரியின் கருவாட்டிலும் விளங்க வேண்டும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? கடை வைத்திருப்பவர்களிடம் நாங்கள் கேட்பது நாலு விசயம். மெனுவில் போர்க், மீன் சோஸ், அல்கஹோல் எதில் இருக்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சோற்றுச் சாப்பாட்டோடு கிம்ச்சியைச் சும்மா வையுங்கள். மத்தியான நேரத்துக்குப் புன்சிக் கடை மாதிரிச் சின்ன அளவில், சின்ன விலையில், ஒரு கிம்பப், ஒரு கோப்பை டொக்பொக்கி என்று விற்றுப் பாருங்கள். கம்பஸ் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நாலாவது, கொரியாவில் இருந்து திரும்பின ஆக்களை வேலைக்கு எடுங்கள்.

இந்த நாலாவது விசயம்தான் எங்களுக்கு முக்கியம். அண்ணா வந்து ஒன்றரை வருசம். கொரிய மொழி சரளமாகக் கதைப்பார். கன்டீனில் சமைக்கிற அம்மாவுக்கு லீவு நாட்களில் உதவி செய்து கிம்ச்சி போடவும் பழகியிருக்கிறார். இங்கே இப்ப வாடகைக்கு ஓட்டோ ஓடுகிறார். ஓட்டோ ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அஞ்சு வருசம் கிட்ட ஒரு நாட்டில் உழைத்து, அங்கத்த மொழியையும் சாப்பாட்டையும் பழக்கவழக்கத்தையும் கற்றுக்கொண்டு வந்த ஒருத்தரிடம் "எவ்வளவு காசு கொண்டு வந்தனீங்க, வீடு கட்டியாச்சா" என்பதைத் தவிர வேற ஒரு கேள்வியும் நாங்கள் கேட்பதில்லை. அவர் கொண்டுவந்த அறிவு காசாகாமல் கிடக்குது. அந்த அறிவு இல்லாத கடை, கிம்ச்சியில் மீன் இருக்கென்று தெரியாமல் நடக்குது.

சாப்பிடப் போகிற எங்களுக்கும் வேலை இருக்கு. உங்கட ஊரில் கொரியா போய் வந்த ஒரு அண்ணாவோ அக்காவோ இருந்தால், அடுத்த தரம் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே என்ன சாப்பிட்டனீங்கள், யார் சமைத்தது, குளிருக்குள் விடிய வேலைக்குப் போகும்போது எது வயிற்றை நிரப்பினது என்று கேளுங்கள். டிக்டொக் ரிவியூவில் கிடைக்காத விசயம் கிடைக்கும். மேசையில் எதில் என்ன இருக்கு என்று வெயிட்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிற நண்பிக்காகக் கேளுங்கள்.

கிண்ணம் காலியானால், அண்ணா எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பாருங்கள்: "கிம்ச்சி தொ ஜுசேயோ." கிம்ச்சி இன்னும் கொஞ்சம் தாங்கோ என்று அர்த்தம். கொரியாவில் இதைச் சொன்னால் கிண்ணம் நிறைந்து வரும், பில்லில் ஒன்றும் ஏறாது. கொழும்பிலும் நாலு மேசையில் தொடர்ந்து கேட்டால் ஒரு கடையாவது கொடுக்கத் தொடங்கும்.